மலைவீட்டு வைஃபை ரவுட்டர்: ஓட்டை, லைட், வயர், ஆண்டெனா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ரவுட்டர் மாட்டப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே பதில்கள்தான். எந்த பிளான் நல்லது, எந்த கம்பெனி வேகம் என்பதெல்லாம் இதில் கிடையாது. பெட்டியின் உடம்பைப் பற்றி மட்டும்தான் பேச்சு: எந்த ஓட்டையில் எது போகும், எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், எது ஈரத்தில் போகும், எது இடியில் போகும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகக் கணக்குக்குக் கருங்கல் சுவரும் தெரியாது, தகரக் கூரையும் தெரியாது, ஜூலை மாதப் பனிமூட்டமும் தெரியாது. மலையில் ரவுட்டர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அந்தக் கணக்கைவிட, பெட்டியை எங்கே எப்படி மாட்டினோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

பின்பக்கம் இத்தனை ஓட்டை இருக்கிறதே, எது எதற்கு?

உருண்டையாகச் சின்னதாக இருப்பது கரன்ட் வரும் ஓட்டை. அதன் பக்கத்தில் ஆன்-ஆஃப் பட்டன் இருக்கலாம், சில மாடல்களில் இருக்காது. சதுரமாக, உள்ளே எட்டுத் தங்க நிறக் கம்பிகளோடு வரிசையாக இருப்பவை ஆர்ஜே45 ஓட்டைகள். இவற்றில் ஒன்று மட்டும் தனி நிறத்தில், பெரும்பாலும் நீலத்திலோ மஞ்சளிலோ, மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். அது வேன் (WAN) போர்ட். இணையம் உள்ளே வரும் வாசல். மற்றவை லேன் (LAN) போர்ட்கள். கம்ப்யூட்டர், டிவி, கேமரா ரெக்கார்டர் எல்லாம் அங்கே சொருகலாம். எந்த நிறம் எதற்கு என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஒருவரின் நீலம் இன்னொருவரின் மஞ்சள். அதனால் நிறத்தைப் பார்ப்பதைவிட ஓட்டையின் மேலே உள்ள எழுத்தைப் படிப்பது நல்லது.

உள்ளே வர ஒன்று, வெளியே போக நான்கு என்ற இந்த அமைப்பு புதிதல்ல. 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டியின் பின்பக்கமும் இப்படித்தான் இருந்தது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆண்டெனா. இன்றைக்கு உங்கள் வீட்டில் இருக்கும் ரவுட்டரும் ஏறக்குறைய அதன் பேரன்தான்.

அப்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ரீசெட் ஓட்டை, பாஸ்வேர்ட் அடிக்காமலே போனை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் (WPS) பட்டன், சிலவற்றில் யூஎஸ்பி ஓட்டை. ஃபைபர் பெட்டியாக இருந்தால் பச்சை மூடியோடு கண்ணாடி இழை நுழையும் ஓட்டை ஒன்றும், லேன்ட்லைன் போனுக்கான சிறிய ஆர்ஜே11 ஓட்டை ஒன்றும் இருக்கும். இந்தப் போன் வயரின் முனை லேன் ஓட்டையிலும் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று அழுத்தாதீர்கள். அதன் பிளாஸ்டிக் ஓரம் இரு கோடிகளிலும் உள்ள கம்பிகளை வளைத்துவிட்டால், அந்த லேன் போர்ட்டில் பிறகு எந்த வயரும் சரியாகப் பேசாது.

வீட்டில் இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயரை எங்கே போடுவது?

ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியின் முதல் லேன் போர்ட்டிலிருந்து, நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு. அவ்வளவுதான். வேன் போர்ட்டுக்குப் பதிலாக லேன் போர்ட்டில் மாட்டினால் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தேவையான இணைய எண்ணை, அதாவது முகவரியை, இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் வழங்கத் தொடங்கும். போன் சில நேரம் இணையத்தைப் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. “மழைனால சிக்னல் வரல” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. முகவரி வழங்கும் வேலையை இரண்டாவது பெட்டியில் அணைத்துவிட்டு லேனில் மாட்டுவதும் முறையான வழிதான், ஆனால் அது தெரிந்து செய்ய வேண்டியது.

இன்னொன்று. வீட்டைப் பெருக்கும்போது தொங்கிக்கொண்டிருக்கும் வயரின் மறுமுனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று அதே பெட்டியின் காலி ஓட்டையில் நல்லெண்ணத்தோடு சொருகிவிடுவார்கள். ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில். உள்ளே தகவல் சுற்றிச் சுற்றி ஓடி வீடு முழுக்க இணையம் நின்றுபோகும், லேன் விளக்குகள் மட்டும் வெறிபிடித்த மாதிரி மின்னும். காரணம் தெரியாமல் ரவுட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

அடாப்டரில் முக்கோணத்துக்குள் மலைப் படமும் 2000 மீ என்றும் போட்டிருக்கிறது. ஊட்டி அதைவிட உயரமாயிற்றே, ஆபத்தா?

சமவெளியில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்விதான்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,130. குன்னூரும் கோத்தகிரியும் 2,000க்குக் கீழே, அதனால் அங்கே இருப்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம். அந்தக் குறி சீனாவின் பாதுகாப்பு விதிப்படி போடப்படுவது. 2,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கிட்டுச் சோதித்த கருவி என்பது அதன் பொருள். உயரம் கூடினால் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மெலிந்த காற்றில் மின்சாரம் ஓர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்வது எளிது. அடாப்டருக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட், இன்னொரு பக்கம் நாம் கையால் தொடக்கூடிய 12 வோல்ட். நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிதான் காவல். உயரம் கூடக்கூட அதுவும் கூட வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது: 3,000 மீட்டருக்கு 1.14 மடங்கு, 5,000 மீட்டருக்கு 1.48 மடங்கு.

தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், ஊட்டி டவுன் அதற்கும் கீழே. ஆக, டவுனில் கூடுதலாகத் தேவைப்படும் இடைவெளி மூன்று நான்கு சதவீதம் அளவுக்குத்தான். ஒழுங்காகச் செய்த அடாப்டரில் அதைவிட அதிகமான இடைவெளி ஏற்கெனவே இருக்கும். அதனால் குறியைப் பார்த்தவுடன் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் பேரே இல்லாத, கையில் எடுத்தால் காற்றடைத்த மாதிரி எடையில்லாமல் இருக்கும் அடாப்டரில் அந்தச் சில மில்லிமீட்டரிலேயே சிக்கனம் பிடித்திருப்பார்கள். அதை மலையில் நான் மாட்ட மாட்டேன், அதிலும் சுவர் ஈரமாக இருக்கும் வீட்டில். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கு அது கட்டாயம்.

பழைய ரவுட்டரின் அடாப்டரைப் புதியதற்குப் போடலாமா?

வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது: 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் கெடுதல் செய்யாது, 1.5 கேட்பதற்கு 0.5 போட்டால் ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்காரும்போது ரவுட்டர் அணைந்து அணைந்து எழும். அடுத்து, வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம். பெரும்பாலான ரவுட்டர்களில் நடுக்கம்பிதான் பிளஸ். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தடிமன். வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வரும். 2.5 முனை 2.1 ஓட்டையில் நுழையும், ஆனால் தொளதொளவென்று இருக்கும். வயரை லேசாகத் தட்டினால் ரவுட்டர் அணைகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கரன்ட் அடிக்கடி போகும் ஊர்களில் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் கொடுக்கும் மினி யுபிஎஸ் வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. காற்றும் மழையும் சேர்ந்த நாட்களில் மரம் விழுந்து லைன் போனாலும் கண்ணாடி இழை அறுந்திருக்காவிட்டால் இணையம் வரும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் அதிலிருந்து கரன்ட் போகிறதா என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பச்சை முனை உள்ள மெல்லிய வயரை நானே கழற்றி மாட்டலாமா?

தேவையில்லாமல் தொடாதீர்கள். அந்த இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. முனையில் ஒரு தூசி உட்கார்ந்தாலும், விரலின் எண்ணெய் பட்டாலும் ஒளி குறைந்துவிடும். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் என்றால் நேராகத் தேய்க்கப்பட்டது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் சாய்வும் நேரும் முகத்தோடு முகம் சேராது, சிக்னல் பாழ். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதால் இல்லை என்று அர்த்தமில்லை.

மலைவீடுகளில் இழைக்கு ஆபத்து பெட்டியிடம் இல்லை, வழியில். பழைய பங்களாவின் கல் சுவரைத் துளைக்க யாருக்கும் மனசு வராது, அதனால் ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் வயரை மடக்கி உள்ளே விடுவார்கள். குளிருக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்தினால் இழை நசுங்கும். வயரை வளைக்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வளையட்டும். கூர்மையான முனை எங்கேயும் வேண்டாம், ஆணிக் கிளிப்பைச் சுத்தியலால் இறுக அடிக்கவும் வேண்டாம். வெளியே கம்பத்திலிருந்து சீகை மரத்துக்கும் சீகையிலிருந்து கூரைக்கும் கட்டி விட்டிருந்தால், ஜூன் ஜூலைக் காற்றில் மரம் ஆடும்போது வயரும் இழுபடும். மரத்தில் கட்டாமல் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் வாக்குவாதம் ஆகும், ஆகட்டும்.

எந்த லைட் எரிந்தால் என்ன அர்த்தம்?

பவர் லைட் தெரிந்ததுதான். ஃபைபர் பெட்டியில் ‘பான்’ (PON) என்ற லைட் நிலையாகப் பச்சையில் எரிய வேண்டும், ‘லாஸ்’ (LOS) என்பது அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை: இழை எங்கோ அறுந்தோ, மடங்கியோ, கழன்றோ இருக்கிறது. அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். பான் பச்சை, லாஸ் அணைப்பு, ஆனாலும் இணையம் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கத்துக் கணக்கிலோ உங்கள் ரவுட்டர் அமைப்பிலோ இருக்கும். போனில் புகார் சொல்லும்போது இந்த இரண்டு லைட்டின் நிலையைச் சொன்னாலே பாதி நேரம் மிச்சம்.

பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ரவுட்டரை எங்கே, எப்படி வைப்பது?

ரவுட்டரோடு வரும் சிறு காகிதத்தில் ஈரப்பதம் 10 முதல் 90 சதவீதம் வரை, நீர் படியாத நிலையில் என்று போட்டிருக்கும். அந்தக் கடைசி வார்த்தைகள்தான் நமக்கு முக்கியம். காற்று ஈரமாக இருப்பதை ரவுட்டர் தாங்கும். உடம்பின் மேல் நீர் முத்து முத்தாகப் படிவதைத் தாங்காது. நீர் எப்போது படியும்? சுற்றியுள்ள ஈரக் காற்றைவிடப் பெட்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் அதன் மேல் படியாது. ராத்திரி அணைத்துவிட்டால் விடியற்காலைக் குளிரில் பெட்டி சில்லிட்டுப் போகும், அடுப்பங்கரையில் வெந்நீர் வைத்தவுடன் ஆவி வந்து அதன் மேல் உட்காரும். எனவே மழை மாதங்களில் ரவுட்டரை இரவில் அணைக்காமல் விடுவதுதான் என் யோசனை. 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் முழு மூச்சில் ஓடினாலும் 12 வாட்தான்.

அடுத்து, மாட்டும் விதம். பெட்டியின் அடியில் சாவி ஓட்டை மாதிரி இரண்டு துளைகள் இருக்கும்; சுவரில் திருகாணி அடித்துத் தொங்கவிட. தொங்கவிடும்போது ஓட்டைகள் எல்லாம் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். மேலே பார்த்தால் கூரையிலிருந்து சொட்டுவதும், வயர் வழியே வழிந்து வருவதும் நேராகப் போர்ட்டுக்குள் போகும். வயர்களும் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு வளையமாகக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறி நுழையட்டும். வழியும் நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். வெளிச்சுவரின் உள்பக்கம் வேண்டாம். மலைவீட்டில் முதலில் பூஞ்சணம் பிடிப்பது அதுதான். அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர் நல்லது.

ஈரத்துக்குப் பயந்து ரவுட்டரைத் துணியாலோ பிளாஸ்டிக் கவராலோ மூடுபவர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்கே தடை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மூடினால் உள்ளே உள்ள சூடு வெளியேறாது, ஈரமும் வெளியேறாது. மேலும் கீழும் உள்ள கீற்றுத் துளைகள் மூச்சு விடுவதற்கு. கணப்பு அடுப்பின் மேலே இருக்கும் மாடம் உலர்ந்த இடமாயிற்றே என்று அங்கே வைப்பதும் தவறு. பெரும்பாலான ரவுட்டர்கள் 40 டிகிரி வரைதான் தாங்கும். விறகு எரியும்போது அந்த மாடம் அதைத் தாண்டிவிடும், கரியும் படியும். பயன்படுத்தாத போர்ட்களுக்கு ரப்பர் மூடி கிடைக்கும், அதைப் போட்டால் கம்பிகளில் களிம்பு பிடிப்பது குறையும்.

ஆறு ஆண்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினால் கீழ் வீடு வரைக்கும் எடுக்குமா?

ஆண்டெனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். கூடுதல் ஆண்டெனா ஒரே நேரத்தில் கூடுதல் தகவல் அனுப்ப உதவலாம். கல் சுவரை உடைத்துப் போகாது. அந்த நீளமான குச்சியும் பெரும்பாலும் உறைதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், உறைக்குள் இருக்கும் உண்மையான கம்பி அதில் பாதியோ கால்வாசியோதான். வெளியே ஒன்றும் தெரியாத, ஆண்டெனா உள்ளேயே இருக்கும் ரவுட்டரும் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

திசைதான் முக்கியம். நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவைச் சுற்றி சிக்னல் உளுந்து வடை போலப் பரவுகிறது: பக்கவாட்டில் தாராளமாக, குச்சியின் நேர் மேலேயும் நேர் கீழேயும் குறைவாக. சமவெளியில் ஒரே தளத்து வீட்டுக்கு இது கச்சிதம். நம் வீடுகள் சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. சமையலறை நான்கு படி கீழே, படுக்கையறை இன்னும் கீழே, பாட்டி இருக்கும் அறை தோட்ட மட்டத்தில். அப்படிப்பட்ட வீட்டில் எல்லா ஆண்டெனாவையும் செங்குத்தாக வைக்காமல், ஒன்றிரண்டைப் படுக்கை வசமாகவோ சரிவுக்குத் தக்கபடி சாய்த்தோ வைத்துப் பாருங்கள். சாய்க்கும்போது கீழ் அறையில் ஒருவர் போனை வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

ஆண்டெனாவின் சாய்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஊட்டியிலேயே சாட்சி இருக்கிறது. முத்தோரையில் 1970இல் வேலையைத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்கென்று சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே அளவு, அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நமக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம், கை அளவு சாய்வு போதும்.

பழைய கல் பங்களா. ஹாலில் முழு சிக்னல், பக்கத்து அறையில் ஒன்றுமில்லை. என்ன செய்யலாம்?

ஒன்றரை அடி, இரண்டு அடி கனமுள்ள கருங்கல் சுவரை, அதுவும் ஈரம் ஊறிய சுவரை, வைஃபை கடப்பது சிரமம். வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிடச் சீக்கிரம் தோற்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் தகரக் கூரையும் தகரத் தடுப்பும். தகரம் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். இங்கே லேன் வயரே கதி. முதல் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, அடுத்த அறையில் இரண்டாவது பெட்டியை வையுங்கள். காற்றில் மட்டும் பேசும் எக்ஸ்டென்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. பலவீனமாக வருவதைப் பிடித்து அதையே மறுபடி வீசுகிறது, அவ்வளவுதான்.

வயர் வாங்கும்போது கேட்5இ அல்லது கேட்6 என்று கேளுங்கள், உள்ளே முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவு, ஆனால் ஈரத்தில் முனைகள் சீக்கிரம் போகும். ஒரே இழுப்பாக 100 மீட்டர் வரை போகலாம். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டில் நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு, எட்டும் வேண்டும். 200, 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் கம்ப்யூட்டரில் 95ஐத் தாண்டவில்லை என்று சொல்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: வயரில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ரவுட்டரின் லேன் போர்ட்டே 100தான் தரும் மாடலாக இருக்கலாம். மலிவான பல பெட்டிகளில் வைஃபைக்குப் பெரிய எண்ணை முன்னால் போட்டுவிட்டு, போர்ட்டின் வேகத்தைப் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இடி இடிக்கும்போது எதையெல்லாம் பிடுங்க வேண்டும்?

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி அதிகம். அடாப்டரை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். செம்பு வயர் எதுவாக இருந்தாலும் அதன் வழியே மின்னல் வரும்: லேன்ட்லைன் வயர், கேட்டில் இருக்கும் கேமராவுக்குப் போன லேன் வயர், அவுட்ஹவுஸுக்கு இழுத்த வயர். லேன் போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் காவலுக்கு இருக்கிறது, சுமார் 1,500 வோல்ட் தாங்கும். பக்கத்தில் விழும் இடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஆனால் வெளியில் கட்டும் ஃபைபர் வயரில் இழுவை தாங்க ஒரு எஃகுக் கம்பி ஓடும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டுமென்றால், உதாரணமாக வீட்டையும் கீழே உள்ள ஹோம்ஸ்டே அறைகளையும், லேன் வயருக்குப் பதிலாக ஃபைபர் போட்டுவிடுங்கள். ஆரம்பச் செலவு கொஞ்சம் கூடும். ஓர் இடியில் இரண்டு பக்கப் பெட்டியும் டிவியும் போவதைவிட மலிவு. ஸ்பைக் பஸ்டர் வைத்திருக்கிறேன், எர்த் இல்லை என்கிறவர்களுக்கு: எர்த் இல்லாத ஸ்பைக் பஸ்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டே விருந்தாளி யாரோ பட்டனை அமுக்கி எல்லாம் அழிந்துவிட்டது. எப்படி?

நிறைய மாடல்களில் டபிள்யூபிஎஸ், ரீசெட் இரண்டுக்கும் ஒரே பட்டன். தட்டினால் ஒன்று, பத்து விநாடி பிடித்தால் இன்னொன்று. இணையம் மெதுவாக இருக்கிறதே என்று விருந்தாளி பிடித்து அமுக்கியிருப்பார். பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பழைய நிலைக்குப் போயிருக்கும். விருந்தாளிகள் வந்துபோகும் வீட்டில் ரவுட்டரைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். டபிள்யூபிஎஸ் வசதியை உள்ளே போய் அணைத்துவிடுங்கள். அதில் ரகசிய எண் (PIN) போட்டு இணைக்கும் முறையில் இருந்த பெரிய பலவீனம் 2011இலேயே வெளியே வந்துவிட்டது. ஸ்டிக்கரை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஈரத்தில் அந்த மை கரையும்.

யூஎஸ்பி ஓட்டையால் என்ன பயன்?

பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் மாட்டி வீட்டில் எல்லோரும் படம் பார்க்கலாம், சிலவற்றில் பிரின்டர் மாட்டலாம். யூஎஸ்பி 3 டிஸ்க் மாட்டினால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சல் ஏறும் என்பது தெரிந்த விஷயம். டிஸ்க்கை நீளமான வயரில் தள்ளி வையுங்கள். மற்றபடி இதைப் பார்த்து ரவுட்டர் வாங்கத் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு ஃபைபரே வரவில்லை. சிம் போடும் ரவுட்டருக்கு வெளி ஆண்டெனா மாட்டலாமா?

மாட்டலாம், பல இடங்களில் அதுதான் வழி. டவர் ஒரு மலைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றால், டவர் தெரியும் மேட்டில் ஆண்டெனாவை நிறுத்திக் கீழே வயர் இறக்கினால் வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். முதலில், ரவுட்டரில் ஆண்டெனா திருகிக் கழற்றும் வகையா, பெட்டியோடு ஒட்டியதா என்பது. அடுத்தது திருகு முனையின் வகை. மொபைல் சிக்னலுக்குப் பெரும்பாலும் எஸ்எம்ஏ. வைஃபை ஆண்டெனாவுக்கு ஆர்பி-எஸ்எம்ஏ. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், திருகும் பொருந்தும், ஆனால் நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். இரண்டு பக்கமும் ஓட்டையாக அமைந்தால் தொடர்பே ஏற்படாது. ரவுட்டரின் நடுமுனையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆண்டெனா வயர் நீளமாக ஆக சிக்னல் வழியிலேயே கரையும், அதனால் ரவுட்டரை ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து லேன் வயரைக் கீழே கொண்டுவருவதே மேல். அந்த வயரையும் இடி நாளில் பிடுங்கத்தான் வேண்டும்.

எறும்பு, பல்லி, குரங்கு?

குளிர்காலத்தில் வீட்டிலேயே இதமான இடம் ரவுட்டர்தான், எறும்பும் பல்லியும் அதைக் கண்டுபிடித்துவிடும். காற்றுத் துளையின் மேல் மெல்லிய கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள், காற்று போகட்டும், பல்லி போகாது. வெளியே ஓடும் வயருக்குக் குரங்கும் எலியும் எதிரி. கைக்கெட்டும் உயரம், ஓட்டு விளிம்பு, ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களில் பைப்புக்குள் விட்டுக் கொண்டுவாருங்கள். குரங்குக்குத் தொங்கும் எதுவும் ஊஞ்சல்.

சென்னையில் இருக்கிறோம், கொடைக்கானல் வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைப்போம். ரவுட்டரை அப்படியே விடலாமா?

வேண்டாம். எல்லா வயரையும் கழற்றி, ஃபைபர் முனைக்கும் அதன் ஓட்டைக்கும் அவற்றின் மூடிகளைப் போட்டு, பெட்டியையும் அடாப்டரையும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எந்த வயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று முதலில் ஒரு போட்டோ. திரும்பி வந்ததும் அறையைச் சூடாக்க விறகோ ஹீட்டரோ போடுவீர்கள். அறைக்காற்று உடனே சூடாகும், டப்பாவுக்குள் இருக்கும் ரவுட்டர் குளிர்ந்தே இருக்கும். அப்போதே எடுத்து மாட்டினால், ஈரமான அறையில் பெட்டியின் மேல் நீர் படியலாம், உள்ளேயும் படியலாம். டப்பாவைத் திறக்காமல் சூடான அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து, பெட்டி அறையின் சூட்டுக்கு வந்த பிறகு எடுத்து வயர்களை மாட்டி, கடைசியாக அடாப்டரைப் போடுங்கள்.